வாசகர் கேள்வி – பதில்: கோபோல் மடலுக்குக் கட்டுரை

கேள்வி: கூட்டுறவு வங்கிக் கணினிப் பிரிவில் கோபோல் என்ற நிரல் மொழியில் எழுதி ஓய்வு பெற்றவன். கோபோல் பயன்படுத்துவோருக்கான செய்திமடல் ஒன்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்கிறது. எதை எழுதலாம்? பழைய வங்கி நிரலையே அனுப்பலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வங்கி நிரலை அனுப்பாதீர்கள். எழுதியது நீங்கள் என்றாலும் உரிமை வங்கியுடையது. கோப்பு அமைப்பும் அதில் வெளிப்பட்டுவிடும். அங்கே கண்ட பிழை ஒன்றை மட்டும் எடுத்து, வேறு கணக்கில் புதிதாக எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு பிழை போதும். 1959-இல் தொடங்கும் கோபோல் வரலாறு வேண்டவே வேண்டாம். அந்த மடலை வாசிப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான்.

நம் பக்கத்து நெல் கணக்கே நல்ல உதாரணம். 21 மரக்கால் ஒரு கோட்டை. மொத்த மரக்காலை டிவைடு கட்டளையால் 21-ஆல் வகுத்தால் ஈவு கோட்டை, ரிமைண்டர் மீதி மரக்கால். நான்கு இலக்கப் புலத்தில் (எண்ணை வைக்கும் இடம்) உள்ள 1050-ஐ, பிக் 9(3), அதாவது மூன்று இலக்கம், என்று அறிவித்த புலத்துக்கு மூவ் கட்டளையால் நகலெடுத்து, பிறகு வகுத்துப் பாருங்கள். இடது ஓரத்து 1 உதிர்ந்து 050 ஆகிவிடும். வரவேண்டியது 50 கோட்டை. வருவதோ 2 கோட்டை 8 மரக்கால். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. இந்த இடத்தை விரிவாக எழுதுங்கள். ‘ஆன் சைஸ் எரர்’ (விடை புலத்தில் அடங்காவிட்டால் தெரிவிக்கும் தொடர்) போட்டால் பிடிபடும் என்று பலர் நம்புகிறார்கள். அது கூட்டல், வகுத்தல் போன்ற கணக்குக் கட்டளைகளுக்குத்தான், மூவுக்குக் கிடையாது. மூவுக்கு முன் இஃப் என்ற நிபந்தனைக் கட்டளை போட்டு 999-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் புலத்தை அகலமாக்க வேண்டும். இரண்டு வழியையும் காட்டுங்கள். 0, 20, 21, 1050 ஆகிய நான்குக்கும் சரியான விடையைச் சேர்த்துக் கொடுத்தால் வாசகர் தாமே சோதித்துக்கொள்வார்.

நிரலை இலவசமாகக் கிடைக்கும் க்னூகோபோல் கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள், அதுவும் தனி உரைக் கோப்பாக. வேர்டில் ஒட்டினால் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறிவிடும். கம்பைலர் அதை ஏற்காது. டேப் விசையைத் தொடாதீர்கள், எழுத்துகளின் இட எண் மாறிவிடும். பழைய வரி அமைப்பில் 7-வது இடம் குறிப்பு வரியைக் காட்டும் உடுக்குறிக்கு (*), 8 முதல் 11 வரை தலைப்புகளுக்கான ஏ பகுதி, 12 முதல் 72 வரை கட்டளைகளுக்கான பி பகுதி. 73-இலிருந்து உள்ளதைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. இஃப் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அங்கே போய் விழுந்தால், அடுத்த கட்டளையும் அந்த இஃப்புக்குள் சேர்ந்துகொள்ளும். அதனால் நிரல் வரியை மடிக்காமல் பக்கத்தின் முழு அகலத்துக்கும் அச்சிடச் சொல்லி ஆசிரியருக்குக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

கேள்வி: அச்சில் ‘கோட்டை’ என்று தமிழிலேயே வரவைக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முடியும். ஆனால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘கோட்டை’ கண்ணுக்கு மூன்று எழுத்து; உள்ளே 6 குறி, 18 பைட். பிக் எக்ஸ்(10), அதாவது 10 பைட் எழுத்துப் புலம், கொடுத்தால் ‘கோட’ என்று நின்று, பின்னால் ஒரு குப்பைக் குறி வரும். எக்ஸ்(18) கொடுங்கள். இடைவெளியும் பைட் கணக்கில்தான் நிரப்பப்படும் என்பதால் வரிசை கோணலாகும். எண்களை முன்னால் வைத்து, தமிழ்ச் சொல்லை வரியின் கடைசியில் போடுங்கள்.