மசாய் மாராவுக்கு அப்பாவோடு

அன்புள்ள அண்ணா,

உங்கள் கென்யா பயணக் கட்டுரையைப் படித்ததிலிருந்து அதே நினைப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவையும் (வயது 64) கூட்டிப் போக ஆசை. ஆகஸ்டில் ஒன்பது நாள் லீவு கிடைக்கும். ஐந்து சரணாலயம் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். "மிருகம் பார்க்க வண்டலூர் போதாதா?" என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். ஆனால் ஐந்து வேண்டாம், பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். மசாய் மாரா சரணாலயத்தில் மூன்று இரவு தங்குங்கள். புல்லைத் தேடி பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வரும் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் ஒரு மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் பருவம் அது. எந்த நாள், எந்த இடத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்த்துப் பின்வாங்கும், பின்னால் வருவது முட்டித் தள்ளும். திடீரென்று ஒன்று குதித்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கரையோடு சரிந்து இறங்கியது. புழுதி அடங்கும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

மீதி நாள்களை ஊருக்கும் மனிதர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கிகுயு, லுவோ, மசாய் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட இனத்தார் வாழும் நாடு. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் சுவாஹிலி, ஆபீசில் ஆங்கிலம். தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் சவுக்கார்பேட்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது பழகிய விஷயம்தானே. அங்கே டீக்குப் பெயர் சாய், சப்பாத்திக்கு சப்பாத்தியேதான்!

அப்பாவுக்காக ஒன்று. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயிலில் போங்கள். 2017-இல் திறந்த பாதை, சாவோ காட்டின் ஊடே போகும். செம்மண்ணில் புரண்டு சிவந்து திரியும் யானைகள் அடியில் கடந்து போக வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதே காட்டின் வழியே போட, 1896-இல் வேலை தொடங்கிய பழைய ரயில் பாதைக்காக இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட கூலிகளைக் கொண்டு போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1898-இல் இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போனதும் இந்தச் சாவோவில்தான். ஜன்னல் வழியே பார்த்தபோது இதெல்லாம்தான் எனக்கு நினைவில் ஓடியது. மொம்பாசா துறைமுக நகரம். அங்கே கிரேன்களைப் பார்த்து அப்பா நகரவே மாட்டார், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர் என்பதால் அப்பாவுக்கு முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

பைனாகுலர் ஆளுக்கொன்று வாங்குங்கள். அப்பா கையில் போனது திரும்பி வராது.