முளைய ஸ்டெம் செல் ஆய்வுக்குத் தனிக் குழு எதற்கு?

முளைய ஸ்டெம் செல் என்பது ஆரம்ப நிலைக் கருவான முளையத்திலிருந்து எடுத்து வளர்க்கும், உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல். இந்த ஆய்வுக்கு, கொழும்பு மருத்துவ பீடத்தில் ஏற்கெனவே நெறிமுறை மீளாய்வுக் குழு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டிருந்தீர்கள்.

வழக்கமான குழு முக்கியமாகப் பார்ப்பது ஆய்வில் பங்கேற்பவரின் பாதுகாப்பை. இங்கே சிக்கல் வேறு. செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய முளையம்தான் பெரும்பாலும் மூலப்பொருள். அதைத் தந்த தம்பதியிடம் சம்மதம் கேட்டவர் சிகிச்சை செய்த டொக்டரேயா? பணம் கைமாறியதா? அப்புறம், முளையத்திலிருந்து எடுத்த அந்தச் செல்கள் பல வருடம் ஆய்வுகூடங்களில் பெருகி நாடு நாடாகப் போகும். பழைய சம்மதப் பத்திரத்தை யாராவது சரிபார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2005இல் தனி மேற்பார்வைக் குழுவைப் பரிந்துரைத்தது. விஞ்ஞானிகளோடு சட்டம், நெறிமுறை தெரிந்தவர்களும் பொதுமக்கள் சார்பில் ஒருவரும் அதில் வேண்டும் என்றது.

ஆய்வுகள் குறைவான இடத்தில் இருக்கிற குழுவிலேயே துறை தெரிந்த ஒருவரைச் சேர்த்தாலும் சரிதான் என்பது என் எண்ணம்.