ஒரே கிரான் ஜாபில் பல ஸ்கிரிப்ட்களை வெவ்வேறு நேரத்தில் ஓட்டுவது எப்படி?

உங்கள் ஹோஸ்டிங்கில் ஒரே கிரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை. அதுவும் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். மெயில் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை) ஒவ்வொரு முறையும், ரிப்போர்ட் மணிக்கொருமுறை, பேக்கப் இரவு 2 மணிக்கு ஓட வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக முடியும். கிரானில் ஒரே ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் போடுங்கள். எது எப்போது ஓட வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளட்டும். பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலின் ஷெட்யூலரும் இப்படித்தான்: கிரானில் நிமிடத்துக்கொருமுறை ஓடும் ஒரு வரி, மிச்சமெல்லாம் கோடுக்குள்.

மூன்றையும் செமிகோலன் போட்டு வரிசையாக எழுதிவிடாதீர்கள். முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று கிரான் பார்ப்பதே இல்லை, நேரம் வந்ததும் அடுத்ததைக் கிளப்பிவிடும். மெயில் க்யூவை இரண்டு ப்ராசஸ் ஒரே சமயத்தில் படித்தால் வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் இரண்டு தடவை போகும். ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனி லாக் ஃபைல் (lock, பூட்டு) வைத்து, பூட்டுப் போடும் ஃப்ளாக் (flock) கமாண்டை மைனஸ் என் (-n) ஆப்ஷனோடு கொடுத்து, பின்னணியில் ஓட விடுங்கள். லாக் கிடைக்காவிட்டால் அது காத்திருக்காமல் விலகிவிடும். பேக்கப் அரைமணி நேரம் இழுத்தாலும் மெயில் நிற்காது.

நேரத்தைச் சரிபார்ப்பதில்தான் கவனம் வேண்டும். 'மணி 2, நிமிடம் 0' என்று எழுதினால், சரியாக அப்போது சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அன்றைக்கு பேக்கப் போச்சு, தகவலும் வராது. 'கடைசியாக ஓடி 24 மணி நேரம் ஆனதா' என்று கேட்டாலோ, நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். நான் எழுதுவது இப்படி: கடைசியாக ஓடிய தேதியை ஒரு ஃபைலில் வைக்கிறேன், அதில் இன்றைய தேதி இல்லை, மணியும் 2 தாண்டிவிட்டது என்றால் ஓடு. பேக்கப் வெற்றியாக முடிந்த பிறகுதான் தேதியைப் பதிவேன், தோற்றால் அடுத்த சுற்றில் தானே மறுபடி முயலும். ரிப்போர்ட் மெயிலுக்கு நேர்மாறாக, அனுப்பும் முன்பே மணியைப் பதிந்துவிட வேண்டும். இல்லையேல் பாதியில் தோற்கும்போதெல்லாம் 5 நிமிடத்துக்கொருமுறை திரும்பப் போகும்.

சர்வர் யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) நேரத்தில் இருந்தால் நம் அதிகாலை 2 மணி அங்கே முந்தைய நாள் 20:30. ஸ்கிரிப்டின் தலையிலேயே டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிடுங்கள். கிரானுக்கு உங்கள் லாகினின் பாத் (PATH, கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) தெரியாது, ஆகவே பிஎச்பி, பைத்தான் எதுவானாலும் முழுப் பாதையோடு எழுதுங்கள்.

பின்னால் சொந்த விபிஎஸ்ஸுக்கு (VPS, உங்களுக்கென்று தனி மெய்நிகர் சர்வர்) மாறினால், தினமும் ஒருமுறை ஓட வேண்டிய பேக்கப்புக்கு கிரான்.டெய்லி (cron.daily) ஃபோல்டரே போதும். ஆனால் டெபியன், உபுண்டுவில் பெயரில் புள்ளி இருக்கும் ஸ்கிரிப்டை, அந்த ஃபோல்டரில் இருப்பவற்றை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் (run-parts) கமாண்ட் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பெயரிலிருந்து எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு, ரன்-பார்ட்ஸை டெஸ்ட் (--test) ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி, உங்கள் ஸ்கிரிப்ட் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள்.