படம் போட்டுப் படித்தால் பாடம் மனதில் நிற்குமா?

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மனவரைபடம் (மைண்ட் மேப்) போடச் சொல்கிறார்கள், நேரம்தான் வீணாகிறது, இதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, ஆனால் பிள்ளையே யோசித்துப் போட்டால் மட்டும். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டினால், அது ஓவிய வகுப்பு.

எனக்குப் பிடித்தது கருத்து வரைபடம். 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக் குழுவினர் உருவாக்கியது. மனவரைபடத்தில் நடுவில் ஒரு சொல், சுற்றிலும் கிளைகள், அவ்வளவுதான். இதிலோ இரண்டு சொற்களை இணைக்கும் கோட்டின் மேலும் ஒரு சொல் எழுத வேண்டும், சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் மண், நீர், இலை, சூரிய ஒளி, உணவு என்று துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் மண்ணிலிருந்து உணவுக்கு நேராகக் கோடு போட்டு 'தருகிறது' என்று எழுதுவார்கள். மண் தருவது நீரும் தாது உப்புகளும்தான், உணவு இலையில் தயாராகிறது என்பது புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். கேள்வி பதிலை ஒப்பிக்கும்போது இந்தக் குழப்பம் வெளியே வரவே வராது.

ஒப்பிட வேண்டிய பாடம் என்றால் வென் படம், அதாவது ஒன்றை ஒன்று வெட்டும் இரு வட்டங்கள், போதும். மீன், தவளை என்று எடுத்துக்கொண்டு, செவுள் எந்த வட்டத்தில் வரும் என்று கேளுங்கள். தவளையின் குஞ்சான தலைப்பிரட்டைக்கும் செவுள் உண்டே!

அப்புறம், முதல் படத்தை அழிக்க விடாதீர்கள். பாடம் முடிந்ததும் வேறு நிறப் பேனாவால் அதிலேயே திருத்தச் சொல்லுங்கள்.