பதினாறு கோர் லேப்டாப்புக்கு வளையலை அடகு வைக்கலாமா?

பாம்பனிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு, அவன் எழுதிய புரோகிராம் ஓடி முடிய முக்கால் மணி நேரமாகிறது, பதினாறு கோர் லேப்டாப் இருந்தால் நிமிஷத்தில் முடியும் என்கிறான், வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்காதீர்கள்.

கோர் என்பது கணினிக்குள் இருக்கும் வேலையாள். நீங்கள் கருவாடு போடுகிறவர், உங்களுக்கு இது எளிது. மீனைக் கீறிக் குடலெடுக்க ஒருவருக்கு எட்டு மணி நேரம் என்றால், எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். இவர் கீறும் மீனுக்கும் அவர் கீறும் மீனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உப்பில் ஊறாமல் காயப்போட முடியுமா? காயப்போட்ட பிறகு எட்டுப் பேர் சுற்றி நின்றாலும் வெயில் வைத்ததுதான் கணக்கு. இரண்டு நாளாகும் வேலையில் ஏழு மணி நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

இதை ஐபிஎம்மில் இருந்த ஜீன் அம்டால் 1967-லேயே கணக்காகச் சொல்லிவிட்டார். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், 16 கோர் போட்டாலும் வேகம் 6.4 மடங்குதான் கூடும். ஆயிரம் போட்டாலும் பத்தைத் தொடாது. பாதி வேலை பிரியாது என்றால் இரண்டு மடங்குகூட வராது.

மகன் அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். நல்ல யோசனை, உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் வரும்: எஞ்சின் நின்றுபோன வல்லம், அதாவது மீன்பிடிப் படகு, காற்றிலும் நீரோட்டத்திலும் எங்கே போய் ஒதுங்கும் என்று கணக்கிடுகிறான். அதில் சிக்கலும் இருக்கிறது. இந்த நொடி வல்லம் எங்கே என்று தெரிந்தால்தான் அடுத்த நொடி எங்கே என்று சொல்ல முடியும். பத்தாவது நொடியை இன்னொரு கோரிடம் கொடுத்தால், ஒன்பதாவது முடியும்வரை அது சும்மா உட்கார்ந்திருக்கும். இப்போதுள்ள நாலு கோரிலேயே மூன்றுக்கு வேலையில்லை! புது லேப்டாப்பில் ஒற்றைக் கோரின் வேகமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதை வைத்து முக்கால் மணி நேரம் நிமிஷமாகிவிடாது. நொடிக்கு நொடி திரும்பத் திரும்ப ஓடும் அந்தக் கணக்கை மட்டும் பைத்தான் மொழியிலிருந்து சி மொழிக்கு மாற்றட்டும், காசு செலவில்லாமல் பல மடங்கு குறையும்.

சரி, கோரே வீணா என்றால், இல்லை. வல்லம் நின்ற இடம் சரியாகத் தெரியாதபோது, ஆயிரம் இடங்களிலிருந்து ஆயிரம் பாதைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாதைக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை, அதனால் எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலில் காணாமல்போனவர்களைத் தேட உதவும் சாரட் என்ற கருவியும் இப்படிப் பல பாதைகளைக் கணக்கிடுவதுதான்.

இனி, படித்து முடித்ததும் அவன் தேடப்போகும் வேலைக்கு வருவோம். இன்டர்வியூவில் லேப்டாப்பில் எத்தனை கோர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு வேலையைக் கொடுத்து இது ஏன் மெதுவாக ஓடுகிறது, எதைப் பிரிக்கலாம் என்று கேட்பார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், கணினிக் கட்டமைப்பு இரண்டையும் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்யும் பாடமாக நினைக்கிற பையன்கள் அங்கேதான் முழிக்கிறார்கள். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக்குக் கட்டணம்.

இந்த லீவில் அவனை நூறு வல்லங்களுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பைத்தானில் திரெட் போட்டு, அதாவது ஒரே புரோகிராமுக்குள் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து, ஏமாற வேண்டாம், வழக்கமான பைத்தான் இதுமாதிரிக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு திரெட்டைத்தான் ஓடவிடும். தனித்தனி பிராசஸாக, அதாவது தனித்தனியே ஓடும் புரோகிராம்களாக, பிரிக்கட்டும். ஒரு கோரில் எவ்வளவு நேரம், நாலில் எவ்வளவு என்று குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதையே ரெஸ்யூமில் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன்.