ஹை வான் மலைப்பாதை

அன்புள்ள ஐயா,

அக்டோபர் விடுமுறையில் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். டா நாங்கில் நான்கு நாள். கடற்கரை, மலைமேல் இரண்டு கைகள் தாங்கும் பொன்னிறப் பாலம், ஹோய் ஆன் நகர விளக்குகள் எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. மீ சோன் கோயில்களைக் கேட்டால், "இடிந்த செங்கல்தான், அரை நாள் வீண்" என்கிறார் முகவர். நீங்கள் போய்வந்தவர். போகலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் போங்கள். ஆனால் அக்டோபர் வேண்டாம். நமக்கு ஐப்பசி மழை கொட்டும் நாட்களில்தான் அங்கும் கொட்டும். வடகிழக்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, கரைக்குப் பின்னாலேயே எழும் ட்ருவோங் சோன் மலைகளில் முட்டுகிறது. ஹோய் ஆனில் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்துவிடும். டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

நான் போனது மார்ச்சில், டா நாங்குக்கு வடக்கே உள்ள ஹுவே நகரத்திலிருந்து. 2005இல் திறந்த சுரங்கப்பாதையில் போகவே டிரைவர் விரும்பினார். நான் பிடிவாதமாகப் பழைய மலைப்பாதையில் போகச் சொன்னேன். ஹை வான் என்றால் கடலும் மேகமும். மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடம் அது. சுமார் 500 மீட்டர் உயரத்தில், 1826இல் கட்டிய வாயில் நிற்கிறது. அதன் வடபுறம் மூடுபனி, என் சட்டைக் கை நனைந்துவிட்டது. தாண்டி இருபது அடி நடந்ததும், கீழே டா நாங் வளைகுடா வெயிலில் மின்னியது. குளிர்காலத்தின் வடகாற்றைத் தடுப்பது இந்த மலைதான். 1306இல், நடு வியட்நாமில் இருந்த சம்பா என்ற இந்து நாட்டின் மன்னன் மூன்றாம் ஜெய சிம்மவர்மன் வியட்நாமிய இளவரசியை மணப்பதற்காக வடக்கே இரண்டு பகுதிகளைக் கொடுத்த பிறகு, இரு நாடுகளின் எல்லையும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது.

மீ சோனுக்கு வருகிறேன். "இடிந்த செங்கல்" என்ற சொல் எனக்கு வலிக்கிறது. அது தானாக இடியவில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் 28 மீட்டர் உயர முதன்மைக் கோபுரம் சரிந்தது. குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று புல் வளர்ந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சம்பா மன்னன் பத்ரவர்மன் இங்கே சிவனுக்குக் கோயில் எடுத்து, தன் பெயரைச் சேர்த்துப் பத்ரேஸ்வரன் என்று அழைத்தான். ராஜராஜேச்சரம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யார் விளக்க வேண்டும்? அந்த மரக்கோயில் எரிந்துபோனது. இன்று நிற்பவை பிற்காலச் செங்கல் கோயில்கள். ஒரு சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தேன். செங்கற்களுக்கு நடுவே சாந்துக் கோடே தெரியவில்லை, நகம் நுழையவில்லை. பழைய கல் சிவந்தே இருக்க, பின்னால் வைத்துப் பழுதுபார்த்த கல்லில்தான் பாசி. 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்தபோது, ஒரே கல்லில் செதுக்கிய சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிவந்தது.

டா நாங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். விடியலிலேயே கிளம்பினால் மாலைக்குள் மீ கே கடற்கரைக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பாலமும் இருக்கட்டும். ஆனால் ஒரு காலைப்பொழுதைக் கணவாய்க்கு ஒதுக்கி, சுரங்கப்பாதை வேண்டாம் என்று டிரைவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.