தனியார் துப்பறிவாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? அவர்களை நம்பி ஒரு விசாரணையை ஒப்படைக்கலாமா?

சென்னையில் இயங்கும் ஒரு துப்பறியும் நிறுவனத்தில் கள விசாரணையாளராகச் சேர்ந்து, இப்போது மற்றவர்கள் எழுதிக்கொண்டு வரும் அறிக்கைகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, ஆவணத்தில் படித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக எழுதிக் கொடுக்கும் துப்பறிவாளரை நம்பலாம். மூன்றையும் குழைத்து ஒரு கதையாகக் கொடுப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

எங்களிடம் வரும் வேலைகளில் பெரும்பகுதி திருமணத்துக்கு முந்தைய விசாரணைதான். வரன் வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ வேலை பார்ப்பவராக இருப்பார். இரு குடும்பங்களுக்கும் பொதுவான உறவினர் யாரும் இருக்க மாட்டார்கள். ஜாதகத்தோடு வந்த ஒரு பக்கக் குறிப்பைத் தவிர பெற்றோரிடம் வேறெதுவும் இருக்காது. விசாரணை தெருவில் தொடங்குவதில்லை, மேசையில் தொடங்குகிறது. மின்நீதிமன்ற இணையதளத்தில் பெயரை இட்டு வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்போம். சொந்தத் தொழில் என்று சொல்லியிருந்தால், நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் பதிவேட்டில் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டுவிட்டதா, இயக்குநர்கள் யார் என்பதும், ஜிஎஸ்டி எண் செயல்பாட்டில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். வீடு சொந்தம் என்றால் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரியும். ஆனால் அதை ஆளின் பெயரை வைத்துத் தேட முடியாது, சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் யாரும் பார்க்கக்கூடிய பதிவுகள்தான். எந்தப் பதிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்திருப்பதே இங்கு தொழில் அறிவு. ஒரே பெயரில் ஒரே மாவட்டத்தில் பலர் இருப்பார்கள் என்பதால், தந்தை பெயரும் முகவரியும் பொருந்தாத எந்த வழக்கையும் அறிக்கையில் சேர்க்க நான் அனுமதிப்பதில்லை.

அதன் பிறகுதான் கள விசாரணை. துணி தேய்த்துக் கொடுப்பவர், அடுக்ககக் காவலாளி, மளிகைக் கடைக்காரர், பழைய வாடகை வீட்டின் உரிமையாளர், முன்பு வேலை பார்த்த அலுவலகத்துச் சக ஊழியர் ஆகியோரிடம் பேசுவோம். நேரடியாக அந்த ஆளைப் பற்றிக் கேட்டால், கேட்கும் நேரத்திலேயே தெரு முழுவதும் செய்தி பரவி, எந்தத் தவறும் செய்யாத ஒரு குடும்பத்தின் மீது சந்தேகம் விழுந்துவிடும். ஆகவே வாடகைக்கு வீடு தேடுவதைப் போன்ற பேச்சில் தொடங்கி, மனிதர்கள் தாமாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இதற்கு எல்லை உண்டு. காவலர் என்றோ அரசு ஊழியர் என்றோ சொல்லிக்கொள்வது குற்றம். அப்படிச் சொல்பவர் எங்கள் நிறுவனத்தில் நீடிக்க முடியாது.

அக்கம்பக்கத்தார் சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்பது என்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான கேள்வி. வண்டி நிறுத்தும் இடத்துக்காக நெடுநாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ‘பையன் தினமும் குடிப்பான்’ என்று உறுதியாகச் சொல்வார். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் ஒரு திருமணம் நின்றுபோகும். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது, மறுத்துப் பேசவும் வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒருவரையொருவர் அறியாத இருவராவது ஒரே செய்தியைச் சொல்லாத வரையில் அதை உறுதிப்படாத தகவல் என்று தனியாகக் குறிக்க வேண்டும், சொன்னவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவையும் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். பணம் கொடுத்தவர்களுக்குச் சில நேரம் இது பிடிப்பதில்லை. ‘ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்’ என்பார்கள். அவர்களது தவிப்பு புரிந்தாலும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிட முடியாது.

பின்தொடர்தலைப் பற்றித்தான் எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். சென்னை நெரிசலில் காரைவிட இரு சக்கர வாகனமே பயன்படும். குறைந்தது இருவர் வேண்டும், ஒருவர் அருகிலும் மற்றவர் சற்றுத் தள்ளியும் இருந்து இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எத்தனை வாசல்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்போம். ஆளைத் தவறவிட்டால் மறுநாள் தொடரலாம், ஆனால் நாம் தொடர்வது அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த விசாரணை அன்றோடு முடிந்தது. படம் எடுப்பது பொது இடத்தில் மட்டுமே. வீட்டுக்குள்ளோ விடுதி அறைக்குள்ளோ ஒருபோதும் இல்லை. குறிப்பேட்டில் ‘மாலை 6.40, வெள்ளை நிறக் காரில் முன் இருக்கையில் ஏறினார், ஓட்டியவர் ஆண், வயது சுமார் 35’ என்று இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையே ‘காதலனுடன் சென்றார்’ என்று எழுதுவார்கள். அவர் அண்ணனாகவும் இருக்கலாம், வாடகைக் கார் ஓட்டுநராகவும் இருக்கலாம்.

ஏற்கக் கூடாத வேலைகளும் உண்டு. வயதுவந்த மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று பெற்றோர் கண்ணீரோடு வருவதுண்டு. வேறு சாதிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்ட சங்கர் என்ற இளைஞர் 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது வெறும் தகவல் சேவை என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெற்றோரில் பெரும்பாலோர் மகளைப் பார்க்கத்தான் விரும்புகிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அறிக்கை யார் கைக்குப் போகும் என்பது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே மறுத்துவிடுகிறோம்.

காப்பீட்டு விசாரணை வெளியில் அதிகம் பேசப்படாத, ஆனால் நிலையாக வரும் வேலை. காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்ட பிறகு, ஆயுள் காப்பீடு எடுத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் கொண்டும் நிறுவனம் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அதற்குள் நிகழும் மரணங்கள்தான் விசாரணைக்கு வருகின்றன. மருத்துவமனைக் குறிப்புகள், ஊர் மருத்துவர், கிராம நிர்வாக அலுவலர் என்று விசாரித்துக்கொண்டே போகும்போது, எதிரில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கணவனை இழந்த ஒரு பெண் என்பதை மறக்கக் கூடாது. பணம் தருவது நிறுவனம் என்பதற்காக, அவருக்குச் சாதகமான ஆவணத்தை விட்டுவிட்டு அறிக்கை எழுதுவது நேர்மையற்ற செயல். போலிப் பொருள் விசாரணை இதைவிட எளிது. சந்தேகத்துக்குரிய பொருளை ரசீதுடன் வாங்கி, கடையிலிருந்து கிடங்குவரை போய்ச் சேர வேண்டும். சோதனையும் பறிமுதலும் வணிகச் சின்னங்கள் சட்டப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியின் வேலை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவில் இத்தொழிலுக்கென்று உரிமம் கிடையாது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகாமலேயே பின்னர் திரும்பப் பெறப்பட்டது. எனவே ‘அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறிவாளர்’ என்று அட்டை காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தொலைபேசி அழைப்புப் பட்டியலை எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் அதைவிட எச்சரிக்கை வேண்டும். 2013இல் பாஜக தலைவர்களில் ஒருவரான அருண் ஜெட்லியின் அழைப்பு விவரங்களைப் பெற முயன்ற வழக்கில் டெல்லியில் தனியார் துப்பறிவாளர்களும் காவலர்களும் கைதானார்கள். 2018இல் தாணேயிலும் அழைப்பு விவரங்களை விற்ற கும்பல் பிடிபட்டது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன்படி இதற்கு மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அப்படிப் பெற்ற பட்டியலால் வழக்கில் பயனும் இல்லை. மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் சம்மதமின்றி எடுத்துக் கணவர் தாக்கல் செய்த வழக்கில், தனியுரிமையை மீறிப் பெற்ற அது சாட்சியமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவனோ மனைவியோ தங்களுக்கிடையிலான பேச்சை ரகசியமாகப் பதிவுசெய்திருந்தாலும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்றது. சில நிறுவனங்கள் இதை எடுத்துக்காட்டி, கைபேசியில் உளவுச் செயலி போடலாம் என்று ஆசை காட்டுகின்றன. அந்தத் தீர்ப்பு தம்பதியர் தங்களுக்குள் பேசிய பேச்சைப் பற்றியது. மூன்றாம் மனிதர் ஒருவருடைய கைபேசிக்குள் நுழைய அது வழிவிடவில்லை.

நீங்கள் யாரிடமாவது விசாரணையை ஒப்படைப்பதாக இருந்தால், எதை விசாரிக்கப் போகிறார்கள், எதைச் செய்ய மாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்களுடைய பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லிப் படியுங்கள். வழக்குக்குப் பயன்பட வேண்டும் என்றால், பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கு, கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் மதிப்புடன் கூடிய சான்று வேண்டும். கேமராவைக் கையில் பிடித்திருந்தவரே நீதிமன்றத்துக்கு வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்கச் சம்மதிக்கவும் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.